உலோகத்தை ஒட்டிய ஒரு நானோமீட்டர்

தேங்காய்ப்பட்டணத்தில் கரையேற்றிய இரும்புப் படகின் அடியில், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பொருத்தி, பொரிந்துபோன துத்தநாகக் கட்டியைத் தொட்டால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். அந்தக் கட்டியும் கடல்நீரும் சந்திக்கிற இடம்தான் நான் படிக்கிற விஷயம். உலோகத்தில் மின்னூட்டம் சேர்ந்தால் தண்ணீரில் இருக்கிற எதிர் மின்னூட்டத் துகள்கள், அதாவது எதிர் அயனிகள், வந்து அதை ஒட்டி நிற்கும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற இயற்பியலாளர் இதை நேரான இரண்டு அடுக்குகளாகப் பார்த்தார், அப்புறம் 1910-இல் கூய், 1913-இல் சாப்மன், அயனிகள் வெப்பத்தில் அலைந்து பரவி நிற்கும் என்றார்கள், 1924-இல் ஸ்டெர்ன் இரண்டையும் சேர்த்தார். கடல்நீரில் உப்பு அதிகம், அதனால் அந்தப் பரவல் அரை நானோமீட்டர்கூட வராது. சுத்தமான தண்ணீரிலோ ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் நீளும். என்னை விடாமல் பிடித்திருப்பது இதுதான்: ஒரு வோல்ட் ஒரு நானோமீட்டருக்குள் இறங்கினால் மின்புலம் மீட்டருக்கு 100 கோடி வோல்ட், அதில் தண்ணீர் மூலக்கூறுகளே திரும்பி நிற்கும்.