நான் கீறிய கரு

உயிரியல் செய்முறைக்கு அன்று வெங்காய உரி. உட்புறத்து மென்தோலைச் சாமணத்தால் உரித்து, வழுக்கியில் நீர்த்துளிக்குள் விரித்து, அயடீன் விட்டு, மேல்கண்ணாடியைச் சரிவாகப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். நான் பொத்தென்று போட்டேன்.

நுணுக்குக்காட்டிக்குள் செங்கல் அடுக்கினது போலக் கலங்கள். ஒன்றின் நட்டநடுவில் கறுத்துத் தடித்த வளையம். கலத்தை ஆளும் கரு அகப்பட்டுவிட்டது என்று கொப்பியில் பெரிதாகக் கீறினேன். அதோடு விட்டிருக்கலாம். புத்தகப் படத்தை நினைத்து, கலத்துக்குள் இருக்கும் நுண்ணிய உறுப்புகளாக நாலைந்து இழைமணி, ஒரு கொல்கி உடல், பொட்டுப் பொட்டாக இறைபோசோம், போதாததற்கு இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணி இரண்டும் போட்டுப் பெயரிட்டேன்.

சேர் கொப்பியைப் பார்த்தார். பிறகு குனிந்து நுணுக்குக்காட்டிக்குள்ளும் பார்த்தார்.

"நீர் கருவெண்டு கீறினது காத்துக் குமிழி, தம்பி. வெளிச்சம் படாத வெங்காயத்துக்கு ஏன் பச்சையவுருமணி? கண்ணிலை பட்டதை மட்டும் கீறும்."

உண்மையான கரு சுவரோரம் ஒதுங்கி, மஞ்சட்கபிலமாகக் கிடந்தது. நடு இடம் முழுவதையும் புன்வெற்றிடம் என்ற நீர்ப்பை பிடித்துக்கொண்டால் அது பாவம், எங்கே போகும்? அந்த நீர்ப்பை உள்ளிருந்து சுவரை நெருக்குவதால்தான் இளந்தண்டு விறைப்பாக நிற்கிறது. நீர் குறைந்தால் துவண்டுவிடும். இறைபோசோமோ 20 முதல் 30 நனோமீற்றர். ஒளி நுணுக்குக்காட்டி 200 நனோமீற்றருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. புரதம் கட்டும் அந்தத் துணிக்கைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தபிறகு, 1950களில்தான் மனிதர் கண்டார்கள். நான் ஒரு பாடவேளையில் கண்டுவிட்டேன்!

அடுத்த கிழமை ஐதரில்லா என்ற நீர்த்தாவரத்தின் இலை. சாயம் தேவையில்லை. பச்சையவுருமணிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரோரமாக ஊர்ந்துபோயின. நீந்துகின்றன என்று நினைத்தேன். கலத்துக்குள் இருக்கும் கூழான குழியவுரு ஓடுகிறது, இவை அதில் அள்ளுண்டு போகின்றன என்றார் சேர். மணி அடித்தும் நான் எழும்பவில்லை. புத்தகத்தில் அசையாமல் கிடந்த கலம் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. அன்று ஒரேயொரு கலம் கீறினேன். உள்ளே பச்சைப் பொட்டுகள், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. சேர் சரி போட்டார்.

பல வருடங்களின் பின், பல்கலைக்கழகத்தில், இலத்திரன் நுணுக்குக்காட்டி எடுத்த இழைமணிப் படத்தைப் பார்த்தேன். இரட்டை மென்சவ்வு, உள்ளது மடிப்பு மடிப்பாக. கலத்துக்குச் சக்தி ஆக்கித் தரும் வேலை அந்த மடிப்புகளில்தான். கொப்பியில் நான் கீறியவை வெறும் நீள்வட்டங்கள்.

ஒன்றுகூடல்களில் வகுப்புத் தோழர்களுக்கு நான் இன்றும் 'குமிழி'. போன முறை ஒருவன் என்னைத் தன் மகளுக்கு அறிமுகப்படுத்த வந்தான். என் சொந்தப் பெயர் அவனுக்கு வாயில் வரவில்லை.