ஓடிபியை ஹேஷ் செய்தால் மட்டும் போதாது

பரிசோதனைக் கூடங்களுக்கு, நோயாளிகள் தங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்கும் தளங்களைச் செய்து தருவது எங்கள் வேலை. மொபைல் எண்ணும் ஆறு இலக்க ஓடிபியும் கொடுத்தால் ரிப்போர்ட் திறந்துவிடும். பாஸ்வேர்டே கிடையாது. அதனால் ஜூனியர்கள் எழுதும் கோடில் ஓடிபி பகுதியை நான் வரி வரியாகப் படிப்பேன்.

பெரும்பாலும் ஓடிபியை எஸ்எச்ஏ-256 என்ற முறையில் ஹேஷ் செய்து, அதாவது நேராகத் திருப்பி மாற்ற முடியாத ஒரு குறியீடாக்கி, டேட்டாபேஸில் வைத்திருப்பார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் போதாது. 000000 முதல் 999999 வரை மொத்தமே பத்து லட்சம் எண்கள். டேபிளைத் திருடியவன் அத்தனைக்கும் ஹேஷ் போட்டுப் பார்க்க ஒரு சாதாரண லேப்டாப்பில் சில விநாடிகள் போதும். சால்ட் (ஹேஷ் போடும் முன் சேர்க்கும் தற்செயலான எழுத்துகள்) சேர்த்தாலும் அது அதே டேபிளில்தானே இருக்கிறது, அதுவும் அவன் கையில்தான்.

நான் கேட்பது எச்மேக். ரகசியச் சாவி ஒன்றை டேட்டாபேஸுக்கு வெளியே வைத்து, அதைக் கொண்டு பயனர் ஐடியையும் ஓடிபியையும் சேர்த்து ஹேஷ் போடுங்கள். டேபிள் மட்டும் கசிந்தால் அதிலிருந்து ஓடிபியைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவருடைய ஹேஷை இன்னொருவர் பெயரில் ஒட்டி வைத்தாலும் செல்லாது.

"ஏஇஎஸ் போட்டு என்கிரிப்ட் செய்தால் என்ன அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஏஇஎஸ் முறையில் என்கிரிப்ட் செய்ததைச் சாவி கொண்டு மறுபடி மூல வடிவில் படிக்கலாம், ஆனால் அனுப்பிய ஓடிபியை நாம் திரும்பப் படிக்கவே போவதில்லை, வருவதோடு ஒப்பிட்டால் போதும். ஆதென்டிகேட்டர் செயலி என்றால் கதை வேறு. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணை சர்வரும் கணக்கிட வேண்டும், அதற்கு மூல ரகசியம் வேண்டும். அங்கே என்கிரிப்ஷன்தான் சரி.

ஒப்பிடும்போது இரண்டு சமக்குறி (==) வேண்டாம், பிஎச்பி மொழியில் ஹேஷ்_ஈக்வல்ஸ் என்ற ஃபங்ஷன் 5.6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. எத்தனை எழுத்து பொருந்தியது என்பதை, ஆகும் நேரத்தை வைத்து ஊகிக்க அது இடம் தராது. அப்புறம், ஓடிபியை முழு எண்ணாகக் கையாளாதீர்கள். 004217 என்பது 4217 ஆகி, சரியாக அடித்த பெரியவருக்கு "தவறான ஓடிபி" என்று காட்டும். முதல் முறை தளத்துக்கு வந்த அவர், தன் கண்தான் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியம் முயற்சிகளின் எண்ணிக்கை. ஐந்து முறைதான் என்றால் ஊகித்து நுழையும் வாய்ப்பு இரண்டு லட்சத்தில் ஒன்று. ஆனால் அந்தக் கணக்கை செஷனில் (பிரவுசரின் குக்கீயோடு இணைந்த தற்காலிக நினைவில்) வைத்தால், குக்கீயை அழித்துவிட்டு மறுபடி ஐந்து முறை முயலலாம். புதிய ஓடிபி கேட்டதும் கணக்கைப் பூஜ்யமாக்கினாலும் அதே ஓட்டைதான். மொபைல் எண்ணின் பேரில் டேட்டாபேஸில் வையுங்கள். ஒப்பிடுவதற்கு முன்பே ஒன்றைக் கூட்டிவிடுங்கள். பின்னால் கூட்டினால், ஒரே நேரத்தில் நூறு கோரிக்கைகளை அனுப்புபவனுக்கு நூறு வாய்ப்பும் கிடைத்துவிடும்.