இடக்கையால் ஐம்பது

மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர்களுக்குப் பின்னேரம் என்றால் பந்து சீமெந்தில் குத்தும் சத்தம்தான். நம் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தெடுத்த ஹேபியர் அடிகளார் 1948இல் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். நானும் என் நண்பனும் பந்தைத் தொட்டபோது அவர் இல்லை. அவர் பழக்கிய அண்ணன்மார்தான் எங்களைப் பழக்கினார்கள்.

அண்ணன்மாருக்கு ஒரு பிடிவாதம். வலக்கையைக் காற்சட்டைப் பட்டிக்குள் செருகிக்கொண்டு இடக்கையாலேயே லேஅப், அதாவது கூடைக்குக் கிட்ட ஓடிப்போய்த் துள்ளிப் பந்தைப் பலகையில் தட்டிப் போடுவது, போட வேண்டும். ஒரு பின்னேரத்துக்கு ஐம்பது. பலகைச் சதுரத்தின் மேல் மூலையில் பட்டு விழுந்தால்தான் கணக்கு. நான் முப்பதோடு உட்கார்ந்துவிடுவேன். அவன் இருட்டின பிறகும், ரிங் கண்ணுக்குத் தெரியாமல், சத்தத்தை வைத்தே போட்டுக்கொண்டிருப்பான்.

2002இல் மாலைதீவுக் கழகமொன்று அவனை ஒப்பந்தம் செய்தது. நம் நாட்டுச் சம்மேளனத்தின் விடுவிப்புக் கடிதத்தோடு போனான். முதல் இரவே அழைத்தான்: "மச்சான், இஞ்ச மரத் தரைடா. விழுந்தா முழங்கால் உரியுதில்ல!"

பள்ளியில் நாங்கள் பந்து கைக்கு வந்து 30 விநாடிக்குள் கூடைக்கு எறிந்து பழகியவர்கள். 2000இல் சர்வதேச விதி அதை 24 ஆக்கிவிட்டது. முதல் மாதம் அந்த ஆறு விநாடி அவனைப் படாத பாடு படுத்தியது. உள்ளூர்ப் பையன் ஒரு நாள் சறுக்கினால் அடுத்த ஆட்டம் இருக்கிறது. வெளிநாட்டு வீரன் சறுக்கினால் விமானச் சீட்டுப் பேச்சுத்தான். அவனைத் தாங்கியது அந்த இடக்கை. வலப்பக்கத்தை அடைத்து நின்றவர்களெல்லாம் ஏமாந்தார்கள்.

மூன்றாவது பருவத்தில் முழங்கால் சவ்வு கிழிந்தது. கடைசி இரண்டு மாதச் சம்பளம் வரவேயில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் கோபம். அவன் அந்தக் கதையை எடுப்பதேயில்லை.

இப்போது கல்லடியில் பிள்ளைகளைப் பழக்குகிறான். என்ன வேணும், பந்து அனுப்பவா என்று போன மாதம் கேட்டேன். "பந்து கிடக்குடா. சப்பாத்து அனுப்பு. சீமெந்து அடியத் தின்னுது."

அளவு 5 முதல் 9 வரை. பாவித்ததானாலும் அடி தேயாதிருந்தால் போதும். சங்கத்து உறவுகள் என்னிடம் தாருங்கள், அடுத்த கப்பல் பொதியில் நானே அனுப்புகிறேன்.