இன்னும் வராத ஒரு நோய்க்கு நிதி திரட்டிய அனுபவம்

பெங்களூருவில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய ஆய்வு மையத்தில் வௌவால்களைப் பற்றி ஆராய்ந்து வருகிறேன். வெண்மூக்கு நோய் பற்றிய கள ஆய்வுக்கு நிதி கிடைக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. இதே முயற்சியில் இறங்குபவர்களுக்கு உதவக்கூடும் என்று, எங்கே தடைபட்டது, எது கைகொடுத்தது என்பதை எழுதுகிறேன்.

இந்நோயை உண்டாக்கும் சூடோஜிம்னோஅஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ் என்னும் பூஞ்சை, குளிர்கால உறக்கத்தில் உடல் சில்லிட்டுக் கிடக்கும் வௌவாலின் மூக்கிலும் இறக்கைச் சவ்விலும் படர்கிறது. உறக்கம் திரும்பத் திரும்பக் கலைவதால், குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்துவைத்த கொழுப்பு பாதியிலேயே தீர்ந்துபோய், பூச்சியே கிடைக்காத பனிக்காலத்தில் அது பட்டினியால் சாகிறது. 2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் எடுக்கப்பட்ட புகைப்படம்தான் இதற்கு முதல் சான்று. அடுத்த குளிர்காலத்தில் வௌவால்கள் கொத்துக் கொத்தாக இறந்த பிறகே அதன் தீவிரம் அங்குள்ளவர்களுக்குப் புரிந்தது. 2012க்குள் வட அமெரிக்காவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வௌவால்கள் மாண்டிருக்கும் என மதிப்பிடப்பட்டது. ஐரோப்பாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் இதே பூஞ்சை இருந்தும் அங்கே இத்தகைய பேரழிவு இல்லை. ஏறத்தாழ 20 டிகிரி வெப்பத்துக்கு மேல் இது வளராது என்பதால், நம் ஊர்க் கோயில் மண்டபங்களில் தொங்கும் வௌவால்களுக்கு அச்சமில்லை. என் கவலையெல்லாம் இமயமலையின் குளிர்ந்த குகைகளைப் பற்றியதுதான்.

முதலில் விண்ணப்பித்த இடத்தில், இந்தியாவில் பதிவாகாத நோய்க்கு முன்னுரிமை தர இயலாது என்று மதிப்பீட்டாளர்கள் எழுதிவிட்டார்கள். மனம் உடைந்தாலும், ஒரு மாதம் கழித்து என் முன்மொழிவை எடுத்துப் படித்தபோது குறை என்னிடமும் இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த சாவுகளைப் பக்கம் பக்கமாக விவரித்திருந்த நான், பூஞ்சை இங்கே இல்லை என்று முடிவு வந்தால் அதனால் என்ன பயன் என்பதை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எந்தக் குகையில் எந்த இனம் எத்தனை உறங்குகிறது என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால், நாளை நோய் வந்தாலும் இழப்பை அளக்க வழியில்லை. இதையே முதல் பத்தியாக வைத்து முழுவதையும் திருத்தி எழுதினேன்.

வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று ஆர்வம் காட்டியது. ஆனால் வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான எஃப்சிஆர்ஏ சட்டப் பதிவு எங்கள் மையத்துக்கு இல்லை. அச்சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பதிவு உள்ள வேறோர் அமைப்பு பணத்தைப் பெற்று எங்களுக்கு மாற்றித் தரவும் முடியாது. அந்த வழி அத்துடன் அடைபட்டது.

எஞ்சியது, நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காகச் சட்டப்படி செலவிடும் சிஎஸ்ஆர் நிதி. விலங்கினப் பாதுகாப்பு அதன் பட்டியலில் இருக்கிறது. எங்களிடம் வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும், இந்நிதியைப் பெறத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவும் இருந்தன. நகரத்து நிறுவனம் ஒன்றின் படிவத்தில் ‘பயனாளிகளின் எண்ணிக்கை’ என்றொரு கட்டம் இருந்தது, அதன் முன் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் இந்நோயால் வௌவால்கள் அழிந்த மாவட்டங்களில் விவசாயிகளின் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு 31 சதவீதம் உயர்ந்ததையும், விபத்து போன்ற புறக்காரணங்கள் நீங்கலான சிசு மரணங்கள் 7.9 சதவீதம் கூடியதையும் 2024இல் வெளியான ஆய்வு காட்டியிருந்தது. எண்ணிக்கைக்குப் பதிலாக அந்த ஆய்வின் சுருக்கத்தையே இணைத்தேன். நேர்காணலில் அதிகம் பேசப்பட்டது அதுதான். அடுத்தபடியாக, எட்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் எதற்கு என்று கேட்டார்கள். பூஞ்சையின் வித்துகள் மனிதர்களின் காலணியிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு குகைக்குக் குகை பரவக்கூடியவை. 55 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் அமிழ்த்தினால் சாகும். மலையில் அந்த வசதி இல்லாத இடங்களில் ஒரு குகைக்குப் போட்டதை அடுத்த குகைக்குப் போடக்கூடாது என்று விளக்கியதும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்புதல் வந்தபோது பிப்ரவரி முடிந்துகொண்டிருந்தது. எங்கள் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர் கிருஷ்ணகிரிக்காரர். கடிதத்தைப் படித்துவிட்டு, “ஏம்மா, வௌவால் டிசம்பர்லதானே தூங்கப் போகுது? பணம் மார்ச்லயே வந்துட்டா எப்படிச் செலவு காட்டுவீங்க?” என்று கேட்டார். நிதியாண்டு மார்ச்சோடு முடிந்துவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. “இதைத் ‘தொடரும் திட்டம்’னு போடச் சொல்லுங்கம்மா. மிச்சத்தை அவங்க தனிக் கணக்குல வெச்சு அடுத்த வருஷமும் தரலாம்” என்று வழியையும் அவரே சொன்னார். நிறுவனம் தன் குழுவில் அப்படியே தீர்மானம் போட்டது. உபகரணங்களுக்கு முதல் தவணை மார்ச்சில் வந்தது. பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பிய பின் களப்பணிக்கான இரண்டாம் தவணை நவம்பரில் வந்தது. இடைப்பட்ட மாதங்கள் குகைகள் இருக்கும் மாநிலத்தின் வனத்துறை அனுமதியைப் பெறவே சரியாக இருந்தன. நிதிக்கு எழுதும்போதே அனுமதிக்கும் எழுதிவிடுவது நல்லது.

டிசம்பரில் முதல் குகைக்குள் நுழைந்தபோது வெப்பமானி 9 டிகிரி காட்டியது. என் கட்டைவிரல் நீளமே இருந்த ஒரு வௌவால் சுவரோடு ஒட்டி உறங்கிக்கொண்டிருந்தது, அதன் முதுகு முடியில் பனித்துளிகள் கோத்திருந்தன. நனைத்த பஞ்சுக் குச்சியால் மூக்கையும் முன்னங்கையையும் மெல்ல ஐந்து முறை வருடினேன். காது மட்டும் ஒருமுறை அசைந்தது. பூஞ்சை தாக்கிய இறக்கை புற ஊதா ஒளியில் ஆரஞ்சு நிறத்தில் மின்னும். விளக்கைக் காட்டிப் பார்த்தேன், எங்கும் மின்னவில்லை. குச்சிகள் இப்போது பெங்களூருவில் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில், மரபணுச் சோதனைக்குக் காத்திருக்கின்றன.