ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் ட்ராயிங் பீரியட்

ஆறு, ஏழு, எட்டாவது புள்ளைங்களுக்கு ட்ராயிங்னா போர்டுல இருக்கற மாம்பழத்தப் பாத்து அப்படியே வரையறதோட முடிஞ்சு போயிருதுங்க, அது பத்தாதுங்க. பள்ளிக்கூடத்துல என்னென்ன, எப்படிச் சொல்லித் தரோணும்ங்கறதுக்கு நாடு முழுக்கப் போட்ட வழிகாட்டியான தேசிய கலைத்திட்ட வடிவமைப்பு 2005லயே பத்தாவது வரைக்கும் கலையையும் ஒரு பாடமா வெக்கோணும்னு சொல்லியாச்சு, ஆனா பரீட்சை வந்தா மொதல்ல அந்தப் பீரியடத்தான் கணக்குக்குக் குடுக்கறாங்க, மனசே ஆற மாட்டேங்குது.

தூரத்துல இருக்கறது ஏன் சின்னதாத் தெரியுது, வெளிச்சம் இந்தப் பக்கம் விழுந்தா நெழல் எங்க விழுகும், இதெல்லாம் இந்த வயசுலதான் கண்ணுல பதியோணும். ஒரு பவானி ஜமுக்காளத்த விரிச்சுப் போட்டு, செகப்புப் பட்டைக்குப் பக்கத்துல பச்சை வந்தா ரெண்டும் ஏன் அப்படித் தூக்கலாத் தெரியுதுன்னு கேளுங்க, கலர் சக்கரத்துல ரெண்டும் எதிரெதிர்ங்கறத மனப்பாடம் பண்ணவே வேண்டாம். கோயமுத்தூர் பேரூர் பட்டீஸ்வரர் கோயில் கனகசபை மண்டபத்துல யானைத்தோல் உரிச்ச சிவன் தூணுக்கு முன்னால சித்த நேரம் உக்கார வெச்சு, கல்லுல அத்தனை வேகம் எப்படி வந்துச்சுன்னு கோடு கோடா தேடச் சொல்லுங்க.

அப்பறம் ஏன் இப்படி வரஞ்சேன்னு அதுகளே வாயத் தொறந்து சொல்லோணும், மார்க்க அதுக்குப் போடுங்க, அழகுக்கு வேண்டாம்.

அடுத்த எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துல இதக் கேக்கப் போறேனுங்க, பெத்தவங்க நாலு பேரு கூட வந்தா நல்லாருக்கும்.