பாதுகாப்பு அலுவலரின் சம்பளத்தை எதனோடு ஒப்பிடுவது?

தொழிற்சாலையில் விபத்து நேராமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அலுவலர் (சேஃப்டி ஆபீசர்) வேலைக்கு வந்த நியமனக் கடிதத்தை நேற்று ஒரு தம்பி எனக்கு அனுப்பி, "இந்தச் சம்பளம் நியாயம்தானா அண்ணா?" என்று கேட்டார். வெளியே மற்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரிப்பதற்கு முன், விதியைப் படிக்கச் சொன்னேன்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 40பி பிரிவில், 1,000 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில் பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்று வகுத்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பை 500 ஆகவும், அபாயகரமான செய்முறை உள்ள ஆலைகளுக்கு 250 ஆகவும் வைத்தது. 40பி பிரிவின் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகள் பலவற்றில், அவர் மூத்த அதிகாரி நிலையில் தலைமை நிர்வாகியின் கீழ் நேரடியாகப் பணியாற்ற வேண்டும் என்றும், அதே நிலையிலுள்ள மற்ற அதிகாரிகளின் சம்பளமே அவருக்கும் உரியது என்றும் இருக்கிறது. ஆகவே ஒப்பிட வேண்டியது அதே ஆலையின் உற்பத்தி மேலாளரோடுதான். பட்டயப் படிப்பு முடித்து வேலை தேடி நிற்கும் கூட்டத்தோடு அல்ல.

இரவு இரண்டு மணிக்குத் தொட்டிக்குள் இறங்க ஆட்கள் காத்திருக்கிறார்கள், மீட்டர் ஆக்சிஜன் 18 சதவீதம் என்று காட்டுகிறது, 19.5க்குக் கீழே யாரையும் இறங்கவிடக் கூடாது. உற்பத்தி நிற்கிறதென்று மேலாளர் போனில் கத்தும்போது உள்ளே இறங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்திட மறுக்கும் பாதுகாப்பு அலுவலர், அந்த மேலாளருடைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும், அதுவும் ஆலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரிடம் வாங்குபவராக இருந்தால், எத்தனை இரவு அப்படி மறுத்து நிற்க முடியும்?

தம்பியின் கடிதத்திலும் வேலை கொடுப்பவராக ஒப்பந்ததாரரின் பெயர்தான் இருந்தது. தொகையைப் பேசுவதற்கு முன் அதை ஆலையின் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.