ஒன்பதாவது வாரம்: வாக்கிய முடிவுகள் ஒருவழியாக மாறிவிட்டன

நேற்று இரவு எழுதி முடித்த கட்டுரையில் மொத்தம் 38 வாக்கியங்கள். எண்ணிப் பார்த்தேன், 'து' என்று முடிபவை 11தான். இந்த எழுத்துப் பயிற்சியைத் தொடங்கும் முன் இதே நீளக் கட்டுரையில் 27 இருந்தன. சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். வினைமுற்று கடைசியில் வந்து நிற்கும். வந்தது, இருந்தது, தெரிந்தது என்று பத்தி முழுக்க ஒரே தாளம். சொல்லை மாற்றினாலும் தாளம் மாறாது. பல வருடமாக நான் சிறுகதை மட்டுமே படித்தவன், என் கையில் இருந்த வாக்கிய வடிவங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. அதனால் இந்தச் சுற்றில் கதையைத் தொடவே இல்லை. பழுதுபார்க்கும் கையேடு, பறவை பார்ப்பவர்களின் குறிப்புகள், கிரிக்கெட் வர்ணனை, நீதிமன்றத் தீர்ப்பு, தொல்காப்பிய உரை என்று கலந்துகட்டிப் படித்தேன்.

பயிற்சி அமெரிக்கத் தலைவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் பிராங்க்ளினுடையது. சிறு வயதில் ஸ்பெக்டேட்டர் என்ற ஆங்கில இதழின் கட்டுரைகளுக்கு வாக்கியம் வாக்கியமாகக் குறிப்பெடுத்து, சில நாள் தள்ளிவைத்து, குறிப்பை மட்டும் பார்த்து மறுபடி எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினேன் என்று தன்வரலாற்றில் சொல்கிறார். பலரும் செய்து பார்த்திருப்பீர்கள்.

ஆனால் குறிப்பெடுக்கும் அந்த ஒரு படி இருக்கிறதே, எனக்கு ஐந்து வாரம் அதில்தான் போனது. முதலில் வினைச்சொல்லோடு குறித்தேன். மறுபடி எழுத உட்கார்ந்தால் அந்த வினையே வாக்கியத்தை இழுத்துக்கொண்டு போய் முடித்துவிடும், ஒப்பிட எதுவும் மிஞ்சாது. அப்புறம் சிறு சீட்டில் பெயர்ச்சொல் மட்டும் குறித்தேன்: விசிறி, சத்தம், திருகு. நான்கு நாள் கழித்து அந்தச் சீட்டை எடுத்து, "விசிறியில் சத்தம் வந்தால் முதலில் திருகைச் சரிபார்க்க வேண்டும்" என்று எழுதினேன். கையேட்டைத் திறந்தால், "சத்தம் வருகிறதா, முதலில் திருகைப் பாருங்கள்." 'ஆல்' இல்லை, 'வேண்டும்' இல்லை. கேள்வியைப் போட்டு, அடுத்த மூச்சில் பதில். நாள் முழுக்க நான் பேசுவது இப்படித்தான், எழுத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை!

இடைவெளியும் முக்கியம். ஒரு நாள் என்றால் மூலம் அப்படியே ஞாபகத்தில் இருக்கிறது. பத்து நாள் என்றால் சீட்டு என்ன சொல்கிறது என்றே புரிவதில்லை. எனக்கு நான்கு நாள் சரியாக இருக்கிறது.

அதே வாரம் உரையாசிரியர்களைப் படித்துக்கொண்டிருந்தேன். 'இச்சூத்திரம் என்னுதலிற்றோவெனின்' என்று ஆரம்பிக்கிறார்கள். இந்தச் சூத்திரம் எதைச் சொல்ல வருகிறது என்று கேட்டால், என்று அர்த்தம். படிப்பவன் கேட்க வேண்டியதைத் தானே கேட்டு, தானே பதில் சொல்வது. விசிறிக் கையேடு செய்வதும் இதையேதான்! இரண்டும் ஒரே மேசையில் கிடந்ததால்தான் இது என் கண்ணில் பட்டது. நேற்றைய கட்டுரையில் இந்த வடிவம் நான்கு இடத்தில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. கிரிக்கெட் வர்ணனையிலிருந்து வினையே இல்லாத வாக்கியம் கிடைத்தது. "உயரமான பந்து, அடியில் ஆள்." அவ்வளவுதான், படம் வந்துவிடுகிறது.

தீர்ப்புகளிடம்தான் தோற்றுக்கொண்டிருக்கிறேன். எச்சத்துக்கு மேல் எச்சம் அடுக்கி அரைப்பக்கம் போகும் வாக்கியம், ஆனாலும் யார் என்ன செய்தார் என்பது குழம்புவதில்லை. நான் எழுதினால் மூன்றாவது எச்சத்திலேயே எழுவாய் தொலைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, நண்பருக்கு எழுதிய கடிதத்தில் 'மேற்படி' நுழைந்துவிட்டது. ஒரே வகையை இரண்டு வாரம் தொடர்ந்து படித்ததன் விளைவு. இனி நாளுக்கு ஒரு வகைதான்.

சீட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கோடு போடாத, கெட்டியான சீட்டாக வாங்குங்கள். கோடு இருந்தால் அதை நிரப்பத் தோன்றுகிறது, குறிப்பு வாக்கியமாகிவிடுகிறது. பழைய நூல்களுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள், அவர்களுக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன்.

பிராங்க்ளின் உரைநடையைச் செய்யுளாக்கி, மறந்த பிறகு திரும்ப உரைநடையாக்கியும் பார்த்திருக்கிறார். அதை ஆசிரியப்பாவில் செய்ய ஆசை. எதுகைக்காகத் தேடும்போது தூங்கிக்கிடக்கும் சொற்கள் எழுந்து வரும் என்று நம்புகிறேன். இன்னொன்றும் பாக்கி. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'சென்று தேய்ந்து இறுதல்' என் கட்டுரைகளில் அப்படியே இருக்கிறது. தொடக்கத்தில் உள்ள வலு கடைசிப் பத்தியில் இல்லை. பயணக் கட்டுரைகள் எப்படி முடிகின்றன என்று கடைசிப் பத்திகளை மட்டும் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

அதற்கு முன் தீர்ப்புச் சீட்டுகள் ஏழு மேசையில் இருக்கின்றன. வியாழக்கிழமையோடு நான்கு நாள் ஆகிறது.